கொழுப்பு படித்தவர்

"நீ பாத்தியா?"

அவரை நினைத்தாலே முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். தஞ்சாவூரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் பின்கட்டில், உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்து அவருக்கு ஆய்வுக்கூடமாகக் கொடுத்திருந்தார்கள். அங்கே டெக்னீசியனாகப் பதினோரு வருடம் இருந்தேன். ஊர் ஊராகச் சத்துணவுக் கூடங்கள் திறந்துகொண்டிருந்த காலம் அது. எனக்கு முப்பது வயது, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் மேடம். முதுகுக்குப் பின்னால் மட்டும் 'பாத்தீங்களா மேடம்'.

அவர் படித்தது கொழுப்பு. மூளையில் இருக்கிற தண்ணீரை எடுத்துவிட்டால் மிஞ்சுவதில் பாதிக்கு மேல் கொழுப்புதான் என்பதை அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். கரண்டுக் கம்பியின் மேல் ரப்பர் சுற்றியிருப்பது போல நரம்பின் மேல் கொழுப்பு சுற்றியிருக்கிறது. அது கெட்டால் நடை கெடும், பேச்சு கெடும், கடைசியில் நினைவும் கெடும். எந்தக் கொழுப்பு, எப்போது, எதனால் கெடுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. பதிலுக்காக வாரம் இரண்டு நாள் கீழவாசல் கறிக்கடையிலிருந்து ஆட்டு மூளை வாங்கி வருவேன். கறிக்கடை பாய் ரொம்ப நாள் வரைக்கும், "அந்த அம்மா உடம்புக்கு என்னாங்க, தினம் மூளை வறுவலா சாப்புடுது?" என்று என்னிடம் கவலையோடு விசாரித்துக்கொண்டிருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு பொய் சொன்னேன். கண்ணாடித் தட்டில் மாவு போல ஒரு பூச்சு இருக்கும். அதன் அடியில் மூளைச் சாற்றைப் பொட்டு வைத்து, ஜாடியில் நிறுத்தினால், கொழுப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்துக்கு ஏறி நிற்கும். பிறகு அயோடின் ஆவியில் காட்டினால் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். தினமும் அதே ஐந்து புள்ளிகள். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், மனசு வீட்டில் இருந்தது. நோட்டில் 'ஐந்து புள்ளிகள், வழக்கம் போல' என்று எழுதிவிட்டேன்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

ஜாடியைத் திறந்து என் முன்னால் வைத்தார். உள்ளே அயோடின் தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது. ஒரு புள்ளிகூடத் தெரிந்திருக்க வழியில்லை. வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் பேனாவை என் கையில் கொடுத்து, "அதை அடிச்சுட்டு, 'பார்க்கவில்லை'ன்னு எழுது. பாக்கலன்னு எழுதறது தப்பே இல்ல. பாக்காததைப் பாத்தேன்னு எழுதினா, அதை நம்பி இன்னொருத்தர் பத்து வருஷம் வீணாக்குவாங்க" என்றார். பிறகு, "வீட்ல என்ன?" என்று கேட்டு என்னை அனுப்பிவைத்தார்.

அவர் இப்படிக் கேட்பது பலருக்குப் பிடிக்காது. யாரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் கேட்பார். இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று ஆசிரியர்கள் அறையில் யாரோ அவர் காதுபடப் பேசியபோதும், கோபமே இல்லாமல், "என் மார்க் ஷீட்டைப் பாத்தீங்களா சார்? நாளைக்குக் கொண்டாரட்டுமா?" என்றார். மறுநாள் உண்மையாகவே கொண்டுபோய்க் காட்டினார். அதற்குப் பிறகு அந்த அறையில் அவர் இருக்கும்போது யாரும் வாயைத் திறப்பதில்லை. டீ சாப்பிடக் கூப்பிடுவதும் இல்லை.

நான் தரங்கம்பாடிக் கடற்கரைக்காரி. என் பெரியப்பாவுக்குக் கை நடுக்கம் வந்து, வலையில் முடிச்சுப் போட முடியாமல், நடந்தால் குடித்தவர் போலத் தள்ளாடினார். அவர் குடிக்காதவர். மேடத்திடம் சொன்னேன். "நான் பாக்கணும்" என்றவர், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டார்.

மணலில் பெரியப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து அரைநாள் பார்த்தார். நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், நூலைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொன்னார். பெரியப்பாவின் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இதே மாதிரி வந்ததா என்று விசாரித்தார். இருவருக்கும் வந்திருந்தது. அப்புறம் சுற்றி வளைக்காமல் சொன்னார்:

"பெரியவரே, நான் நல்லாப் பாத்துட்டேன். இதுக்கு இன்னிக்கு யார்கிட்டயும் வழி இல்ல. எங்கிட்டயும் இல்ல."

இப்படி முகத்துக்கு நேரே சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பெரியப்பா கடலைப் பார்த்தபடி, "சரிம்மா. இவ்வளவு நேரம் யாரும் என்னைய உக்காந்து பாத்ததில்ல. மீன் சாப்புட்டுப் போ" என்றார். மேடம் சாப்பிட்டார். அடுத்த இரண்டு நாள் அவர் ஆய்வுக்கூடத்துக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "எத்தனை வருஷமா இதைப் படிக்கிறேன், ஒருத்தர்கிட்டயாவது வழி இருக்குன்னு சொல்லியிருக்கேனா?" என்று கேட்டார். கேள்வி எனக்கானது இல்லை என்று தெரிந்ததால் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு மிராசுதார் வந்தார்.

திருவாரூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். அறுபது வயதிருக்கும், சலவை வேட்டி. இருபத்திரண்டு வயது மகளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். அந்தப் பெண் கால்களை அகட்டி வைத்து, படகில் நடக்கிறவள் போல நடந்தாள். பேச்சு குழறியது. பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரியாக இருந்தவளாம். பிறகு ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயிருக்கிறது. கையில் இருந்த ஃபைலில், மூளை நரம்புகள் அழிந்துவருகின்றன, வைத்தியம் இல்லை என்று எங்கள் கல்லூரியின் பெரிய டாக்டரே எழுதியிருந்தார். மேடம் மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். இருந்தாலும் யாரோ சொல்லி, கடைசி முயற்சியாக வந்திருந்தார் மிராசுதார்.

"நீங்க எதுல ஆராய்ச்சிங்க?"

"கொழுப்புல."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பேச்சை மாற்றுவது போல, "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார்.

மேடம் ஊர்ப் பெயரைச் சொன்னார். மிராசுதாருடைய அதே ஊர்.

"எங்க ஊரா? யாரு மக?"

மேடம் தன் அப்பாவின் பெயரைச் சொன்னார். மிராசுதார் எழுந்துவிட்டார். ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

"வாம்மா, போவோம்" என்றார் மகளிடம்.

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகச் சேகரித்து, "நான்... இருக்கேன்ப்பா" என்றாள்.

மேடம் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு செருப்பிலும் பின்வார் அறுத்து எடுக்கப்பட்டிருந்தது.

"ஏன் வாரை அறுத்துட்டீங்க?"

"குதிகால்ல வீக்கம். வார் குத்துதுன்னு அவ அம்மா அறுத்துவிட்டா."

"நீங்க போறதா இருந்தா போங்க. அந்தக் குதிகாலை மட்டும் ஒருதடவை பாத்துக்கறேன்" என்று சொல்லி, தரையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்தார். குதிகாலுக்கு மேலே, தசைநாண் ஓடுகிற இடத்தில், எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி. மற்றக் காலிலும் அப்படியே. அமுக்கிப் பார்த்தார், வலிக்கவில்லை என்றாள். அவர் அப்படியே உட்கார்ந்தபடி நிமிர்ந்து அப்பாவைக் கேட்டார்.

"சின்ன வயசுல அடிக்கடி வயித்தால போகுமா?"

"ஆமா. எந்த மருந்துக்கும் நிக்காது."

"கண்ணு?"

"பதினாலு வயசுல புரை. ஆபரேசன் பண்ணினோம். உங்களுக்கு எப்படி...?"

"சொந்தத்துல கல்யாணமா?"

"அக்கா மக."

மேடத்தின் கை அந்தப் பாதத்தின் மேலேயே இருந்தது. வயிறு, கண், குதிகால், மூளை என்று நாலையும் நாலு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்கள், சேர்த்து யாரும் பார்க்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். அப்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. பாக்காம சொல்ல மாட்டேன். பத்து நாள் டைம் கொடுங்க."

மிராசுதார் உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலமே மேடம் பெரிய டாக்டரின் அறைக்குப் போனார். நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

"சார், அந்தப் பொண்ணோட குதிகாலைப் பாத்தீங்களா?"

"மூளை வியாதின்னு வந்தவளுக்குக் குதிகாலை எதுக்கும்மா பாக்கணும்?"

மேடம் விளக்கினார். ஈரல் பித்தத்தைத் தயாரிக்கிறபோது ஒரு படி தவறிவிடுகிற பிறவிக் கோளாறு ஒன்று உண்டு. தவறினால் வேண்டாத ஒரு கொழுப்பு ரத்தத்தில் சேர்ந்து, கண்ணிலும் குதிகாலிலும் மூளையிலும் போய்ப் படியும். அபூர்வமான வியாதி. ஆனால் பித்தப்பைக் கல்லைக் கரைக்கக் கொடுக்கிற ஒரு மாத்திரைக்கு அது கட்டுப்படுகிறது என்று வெளிநாட்டில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "வாங்க, நானும் பாக்கறேன்" என்று எழுந்து வந்தார். பார்த்த பிறகு, கட்டியில் துளி வெட்டியெடுக்க அவரே அறுவை டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார்.

வெட்டியெடுத்த நாளில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. மேடத்தின் அப்பா மகளோடு தஞ்சாவூரில்தான் இருந்தார்; மத்தியானம் சைக்கிளில் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவருவார். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் மிராசுதார் தனியாக இருந்தார். கேரியரோடு வந்தவர் நாலடி தள்ளி நின்றுவிட்டார். மிராசுதார் எழுந்து நின்றார். அவர்களுக்குள் என்ன என்று எனக்கு அப்போதும் தெரியாது.

"உள்ள இருக்கறது பெரிய பொண்ணா?" என்று கேட்டார் மேடத்தின் அப்பா.

"ஆமா."

"நான் பாக்கையில தவழ்ந்துக்கிட்டு இருந்துச்சு."

"அன்னிக்கு நடந்தது..." என்று மிராசுதார் ஆரம்பித்தார்.

"அதை இங்க பேச வேணாம். நான் மறக்கல, மறக்கவும் மாட்டேன். பொண்ணு உள்ள கிடக்கையில அந்தப் பேச்சு எதுக்கு? உக்காருங்க. கால் நடுங்குது உங்களுக்கு."

மிராசுதார் உட்கார்ந்தார். அதே பெஞ்சில், ஒரு கேரியர் இடைவெளி விட்டு, மேடத்தின் அப்பாவும் உட்கார்ந்தார். அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவரும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

பிற்பாடு கேரியரை வாங்கப் போனபோது அவர் என்னிடம் மட்டும் லேசாகச் சிரித்தபடி சொன்னார்: "அரைப்படி நெல்லு கூடக் கேட்டதுக்குக் கொழுப்பெடுத்துப் போச்சுன்னு அடிச்சாங்கம்மா எங்களை. எம்மவ அதையே படிச்சுட்டா பாரு."

கட்டியில் எடுத்த துளியையும் அவள் ரத்தத்தையும் வைத்துச் சோதனை என் கையில்தான் நடந்தது. நல்ல கொழுப்பும் வேண்டாத கொழுப்பும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல் இருக்கும். சாதாரணத் தட்டில் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். வெள்ளி உப்பு கலந்த தட்டு செய்ய வேண்டும். அந்த உப்பு பட்டால் விரல் கறுத்துப்போகும். ஒரு மாதம் என் விரல்களைப் பார்த்து என் மாமியார் சோறு பிசைய விடவில்லை. முதல் தட்டு சரியாக வரவில்லை. இரண்டாவதில் ஒரு புள்ளிக்கு மேலே நிழல் போல இன்னொன்று. மேடம் என்னைத் திரும்பச் செய்யச் சொன்னார். மூன்றாவது தட்டு, நான்காவது தட்டு. எங்கள் இருவரின் ரத்தத்தையும் எடுத்து அவள் ரத்தத்துக்குப் பக்கத்திலேயே ஓடவிட்டோம். எங்கள் வரிசைகளில் ஒரு புள்ளி. அவள் வரிசையில் இரண்டு, தெளிவாக.

"நீ பாத்தியா?" என்றார். அவருடைய குரல் எப்போதும் போல இல்லை.

"பாத்தேன் மேடம். மூணு தட்டுலயும் பாத்தேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டில் இருந்த ஒரு பேராசிரியருக்கு எழுதி மாத்திரை வரவழைத்தோம். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார். மேடம் அந்தப் பெண்ணிடமே சொன்னார்: "போனதெல்லாம் திரும்ப வரும்னு நான் சொல்ல மாட்டேன். இனிமே போகாது. அது உறுதி." இரண்டே வாரத்தில் வயிற்றுப்போக்கு நின்றது. நாலைந்து மாதத்தில் பேச்சு தெளிந்தது. ஆனால் மிராசுதாருக்கு இன்னொரு மகள் இருந்தாள், பதினைந்து வயது. கூடப் பிறந்தவளுக்கும் இருக்கலாம், அழைத்து வாருங்கள் என்று மேடம் எத்தனையோ முறை சொன்னார். "அவளுக்கு ஒண்ணும் இல்லைங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். வெளியே தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்ற பயம்.

எட்டு மாதம் கழித்து மிராசுதாரிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. "சின்னவள் விஷயமாக ஒருமுறை வீட்டுக்கு வாங்க" என்று எழுதியிருந்தது. மேடம் அந்தக் கார்டை இரண்டு முறை படித்துவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னார். கூலி கேட்டு அறுப்புக்குப் போக மாட்டோம் என்று நின்ற வருடம், மிராசுதாரின் ஆட்கள் அவருடைய அப்பாவைக் களத்தில் வைத்து அடித்தார்கள், குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். போலீஸ் விசாரணைக்கு வந்தபோது மிராசுதார், நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றுவிட்டார்.

"ஊர்ல ஒவ்வொருத்தரா வந்து, 'நான் பாக்கல', 'நான் பாக்கல'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. பயம், வேற ஒண்ணும் இல்ல. நான் பாத்தேன். வைக்கப்போர் பக்கத்துலதான் நின்னேன். சின்னப் பொண்ணுன்னு என்னை யாரும் கேக்கல."

வெளியே குறுவை அறுப்பு முடிந்த வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மிராசுதார் வாசலில் காத்திருந்தார். "வாங்க, வாங்க" என்று முன்வாசல் வழியாகவே உள்ளே அழைத்துப் போனார். மேடம் நிலைப்படியில் ஒரு கணம் நின்றார், பிறகு உள்ளே வந்தார். அவர் அந்த வீட்டுக்குள் கால் வைப்பது அதுதான் முதல் முறை. அவருடைய அம்மா பல வருடம் கொல்லைப்பக்கம் சாணி அள்ளிய வீடு. சின்னப் பெண்ணைக் கூடத்து வெளிச்சத்தில் உட்கார வைத்து டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். குதிகாலைப் பார்த்தார். கோடு கிழித்து அதன் மேல் நடக்கச் சொன்னார். முக்கால் மணி நேரம். அவளுடைய அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணுல மட்டும் லேசா ஆரம்பிச்சிருக்கு. நடை நல்லா இருக்கு. ரத்தம் எடுத்துட்டுப் போறேன், அதையும் பாத்துட்டுதான் முடிவா சொல்வேன். ஆனா இதுதான்னா, இப்பவே மாத்திரை போட்டா அக்காவுக்கு வந்தது இவளுக்கு வராது."

அந்த அம்மாள் தூணோடு வழுக்கித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, "பாயசம் வைக்கட்டுமா? சாப்புட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள். பெரியவள் எழுந்து, யாரையும் பிடிக்காமல் அடுப்படிக்குப் போய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மேடம் அவள் வருகிற வழி முழுக்க அவள் காலையே பார்த்தார்.

புறப்படுகிற நேரத்தில் மிராசுதார் குறுக்கே வந்து நின்றார். மனைவியும் இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டுப் பேசுவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை.

"அன்னிக்கு நான் ஊர்ல இல்லன்னு சொன்னேன். இருந்தேம்மா. களத்து மேட்டுல நின்னேன். உங்கப்பாவை அடிச்சப்ப நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

மேடம் ரொம்ப நேரம் அவர் முகத்தைப் பார்த்தார்.

"இதை எங்கிட்ட சொல்லி ஆவறதில்ல. எங்கப்பாகிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்."

"எப்ப?"

அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

தஞ்சாவூருக்கு மூன்று மணி பஸ். கூட்டம் அதிகம் இல்லை. மிராசுதார் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால், கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்திருந்தார். வண்டி ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் மேடத்தின் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. மடியில் ரத்தக் குழாய் வைத்த பெட்டியை அணைத்தபடி, வாயை லேசாகத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுத் தூங்கினார். அத்தனை வருடத்தில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. தோள் மரத்துப்போனது, நான் அசையவில்லை.

கண்டக்டர், "டிக்கெட், டிக்கெட்" என்று கம்பியைத் தட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். முன்னால் இருந்தவர் சட்டென்று திரும்பிக் கையை உயர்த்தினார்.

"சத்தம் போடாதப்பா" என்றார். "அவங்க தூங்கறாங்க."